மூச்சு வாங்கலாம், மூட்டு அடி வாங்கலாமா?

ஜிம்முக்குப் போகிறவர்களிடையே 'தபாட்டா' என்ற பெயர் இப்போது தண்ணீர் பட்ட பாடு. இருபது நொடி உயிரைக் கொடுத்துப் பயிற்சி, பத்து நொடி ஓய்வு, மறுபடியும் இருபது நொடி. எட்டுச் சுற்று முடிந்தால் மொத்தம் நான்கே நிமிடம். வேலைக்கு ஓடுகிறவர்களுக்கு இதைவிடத் தோதான கணக்கு வேறில்லை. ஜப்பானிய ஆய்வாளர் இசுமி தபாட்டாவும் அவர் குழுவினரும் 1996-ல் வெளியிட்ட ஆய்விலிருந்து பரவிய முறை இது. முறையை வகுத்தவர் அந்த நாட்டு ஐஸ் ஸ்கேட்டிங் வேகப்பந்தய அணியின் பயிற்சியாளர் இரிசாவா கோயிச்சி. பலன் உண்டா என்று அளந்து பார்த்தவர் தபாட்டா. ஆறு வார முடிவில், உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்சத் திறன் கூடியிருந்தது. மூச்சு முட்டும் உழைப்பைத் தாங்கும் திறனும் 28 சதவீதம் ஏறியிருந்தது. ஒரு மணி நேரம் நிதானமாகப் பயிற்சி செய்த இன்னொரு குழுவுக்கு இந்த இரண்டாவது பலன் கிடைக்கவே இல்லை. இவ்வளவும் ஊரெல்லாம் பரவியது. பங்கெடுத்தவர்கள் உடற்கல்வி படிக்கும் இளைஞர்கள், ஏற்கெனவே விளையாட்டில் ஊறியவர்கள் என்பது பரவவில்லை. பயிற்சி நின்ற இடத்திலேயே மிதிக்கும் சைக்கிளின் மேல் நடந்தது என்பதும் பரவவில்லை. யாருடைய பாதமும் தரையில் குதித்து இறங்கவில்லை. மிதிக்கும் வேகம் ஓர் அளவுக்குக் கீழே போனதும் பயிற்சியை நிறுத்திவிட்டார்கள்.

இன்றைக்கு அதே இருபது நொடிக் கணக்கு சைக்கிளை விட்டு இறங்கி, பர்ப்பி, ஜம்ப் ஸ்குவாட், பாக்ஸ் ஜம்ப் என்று துள்ளும் பயிற்சிகளின் மேல் ஏறிவிட்டது. பர்ப்பியை மட்டும் சற்று உற்றுப் பார்க்கலாம். நின்ற நிலையிலிருந்து குந்த வேண்டும், கைகளைத் தரையில் ஊன்றி இரு கால்களையும் பின்னால் உதற வேண்டும், ஒரு தண்டால், கால்களை மறுபடி முன்னால் இழுத்து, எழுந்து, கைகளை உயர்த்தி ஒரு துள்ளல். முதல் மூன்று நான்கு பார்க்க அழகாகவே இருக்கும். பத்தாவதைத் தாண்டும்போது தோரணை மாறுகிறது. கால்களைப் பின்னால் உதறும் நொடியில் வயிற்றுத் தசை இறுக்கத்தை விட்டுவிட, இடுப்பு தொய்ந்து முதுகின் கீழ்ப்பகுதி வளைகிறது. மணிக்கட்டின் மேல் உடம்பு முழுவதும் சாய்கிறது. துள்ளி இறங்கும்போது முன்பாதத்தில் மெத்தென்று இறங்கிய கால் இப்போது தட்டையாக 'தொப்'பென்று விழுகிறது. முழங்கால் இரண்டும் உள்பக்கமாக ஒடுங்குகின்றன. அந்த ஒடுக்கம்தான் முழங்கால் ஜவ்வுக்கு ஆகாதது. சுவரில் டைமர் ஓடிக்கொண்டிருக்கிறது, பாட்டு அலறுகிறது, பக்கத்தில் இருப்பவர் இன்னும் நிற்கவில்லை. உடம்பு 'போதும்' என்று சொல்லும் இடத்தில்தான் இந்தப் பயிற்சி முறை 'இன்னும் கொஞ்சம்' என்கிறது.

ஆகவே தீவிரப் பயிற்சி ஆபத்தானதா, மெதுவான வலுப் பயிற்சி பாதுகாப்பானதா என்று வெறுமனே கேட்டால் சரியான பதில் கிடைக்காது. 'தீவிரம்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் மூன்று தனித்தனிச் சங்கதிகளைத் திணித்து வைத்திருக்கிறோம். இதயமும் நுரையீரலும் படும் பாடு ஒன்று. பாதம் தரையில் மோதுவதால் மூட்டுகளும் தசைநாண்களும் வாங்கும் அதிர்ச்சி இன்னொன்று. களைத்த பிறகும் அவசரமாகச் செய்வதால் குலையும் ஒழுங்கு மூன்றாவது. முதலாவதால்தான் நமக்குப் பலன் பெருமளவு கிடைக்கிறது. காயம் பெரும்பாலும் பின்னிரண்டால் வருகிறது. இவற்றைப் பிரித்துவிட முடியும் என்பதும், சாதாரண மனிதர்கள், அதிலும் முப்பத்தைந்து வயதைத் தாண்டிப் பயிற்சியைத் தொடங்குகிறவர்கள், கட்டாயம் பிரித்துக்கொள்ள வேண்டும் என்பதும் என் வாதம்.

எண்களிலிருந்து தொடங்கலாம். விளையாட்டு மருத்துவத்தில் காயத்தை ஆயிரம் மணி நேரப் பயிற்சிக்கு எத்தனை என்று கணக்கிடுவார்கள். எடை தூக்குவதையும் துள்ளலையும் கலந்து வேகமாகச் செய்யும் கிராஸ்ஃபிட் என்ற முறையில் பயிற்சி செய்கிறவர்களிடம் நடந்த பல ஆய்வுகளில் இது 2 முதல் 3 வரை வருகிறது. ஒலிம்பிக் பளுதூக்குதலிலும் ஏறத்தாழ அதே அளவுதான். உடற்கட்டுப் பயிற்சியில், அதாவது எடையை நிதானமாக ஏற்றி இறக்கும் பாடிபில்டிங்கில், 0.24 முதல் 1 வரை. வாரத்துக்கு நான்கு மணி நேரம் பயிற்சி செய்கிற ஒருவருக்கு வருஷத்தில் 200 மணி நேரம் சேரும். கிராஸ்ஃபிட் போன்ற பயிற்சியில் அவருக்கு இரண்டு வருஷத்துக்கு ஒரு காயம் என்று ஆகிறது. நிதானமான எடைப் பயிற்சியில் ஐந்து வருஷத்துக்கு ஒன்று, அல்லது அதைவிடவும் அரிது. இதில் கவனிக்க வேண்டியது, பாடிபில்டர்கள் தூக்குவது லேசான எடை அல்ல என்பது. எடை கனமாக இருந்தும் காயம் குறைவாக இருக்கிறதென்றால், குற்றவாளி எடை மட்டும் இல்லை. வேகமும், திடீர் அசைவும், தலைக்கு மேலே எடையை வீசிப் பிடிப்பதும் சேரும் இடத்தில்தான் எண் ஏறுகிறது. கிராஸ்ஃபிட் காயங்களில் முதலிடத்தில் வருபவை தோளும் கீழ்முதுகும் என்பதும் இதோடு பொருந்துகிறது.

இதற்கு உடனே ஒரு மறுப்பு வரும், நியாயமான மறுப்புதான். புதிதாக ஓடத் தொடங்குகிறவர்களுக்கு ஆயிரம் மணி நேரத்துக்குச் சுமார் 18 காயம் ஏற்படுகிறது என்று 2015-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த கணக்கு ஒன்று உண்டு. அப்படியானால் கிராஸ்ஃபிட்டைக் குறை சொல்வானேன்? ஓட்டத்தின் எண் பெரியது என்பது உண்மை. அது என் வாதத்துக்குத் துணையாகவே நிற்கிறது, ஏனென்றால் ஓட்டமும் ஒவ்வோர் அடியிலும் தரையில் மோதும் பயிற்சிதான். அடுத்து, கிராஸ்ஃபிட் ஆய்வுகள் பலவும் தொடர்ந்து பயிற்சி செய்துகொண்டிருப்பவர்களிடம் கேட்டு எழுதியவை. மூன்றாவது வாரத்தில் முழங்கால் வீங்கி நின்றுபோனவர் அந்தப் பட்டியலில் இருக்கமாட்டார். நம் கவலை அவரைப் பற்றியது.

கிராஸ்ஃபிட்டை எதிர்ப்பவர்கள் காட்டும் எண்களிலும் குறை உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். 2013-ல் ஓர் அமெரிக்க ஆய்விதழ், கிராஸ்ஃபிட்டில் சேர்ந்தவர்களில் 16 சதவீதம் பேர் காயத்தாலும் அளவுமீறிய பயிற்சியாலும் விலகினார்கள் என்று கட்டுரை வெளியிட்டது. விலகியவர்களே அதை மறுத்தார்கள். வழக்கு மன்றம் வரை போய், கடைசியில் கட்டுரையே திரும்பப் பெறப்பட்டது. 2007 முதல் 2016 வரையிலான அமெரிக்க அவசர சிகிச்சைப் பதிவுகளை ரட்கர்ஸ் பல்கலைக்கழக மருத்துவர்கள் ஆராய்ந்து, பார்பெல், கெட்டில்பெல், பாக்ஸ் போன்ற கருவிகளாலும் பர்ப்பி, லஞ்ச், தண்டால் போன்ற பயிற்சிகளாலும் பத்து வருஷத்தில் சுமார் 40 லட்சம் காயங்கள் என்று 2019-ல் எழுதினார்கள். முழங்கால், கணுக்கால், தோள் ஆகியவையே அதிகம் அடிபட்டவை. பத்திரிகைகள் இந்த எண்ணைப் பெரிதாகப் போட்டன. ஆனால் அதே காலத்தில் எத்தனை கோடிப் பேர் அந்தப் பயிற்சிகளைச் செய்தார்கள் என்பது தெரியாமல் 40 லட்சம் என்பது அதிகமா குறைவா என்று சொல்ல முடியாது. அவர்கள் எல்லோரும் தீவிர இடைவெளிப் பயிற்சிதான் செய்தார்கள் என்றும் சொல்ல முடியாது. எனவே இந்த எண்களை வைத்து யாரையும் பயமுறுத்த நான் விரும்பவில்லை. உடம்பு எப்படித் தயாராகிறது என்பதைப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகத் தெரியும்.

பயிற்சி தொடங்கியதும் உடம்பின் எல்லாப் பாகமும் ஒரே வேகத்தில் வலுப்பெறுவதில்லை. இதயமும் இரத்த ஓட்டமும் சில வாரங்களிலேயே தேறிவிடுகின்றன. படியேறினால் வாங்கிய மூச்சு மூன்றாம் வாரத்தில் வாங்குவதில்லை. தசைகளும் நல்ல இரத்த ஓட்டம் உள்ளவை, விரைவில் வலுக்கின்றன. தசையை எலும்போடு கட்டும் தசைநாணுக்கு இரத்த ஓட்டம் குறைவு. அது இறுகி வலுப்பெற மாதக்கணக்கில் ஆகும். மூட்டுக் குருத்தெலும்புக்கு இரத்தக் குழாயே கிடையாது. குதிகால் தசைநாணைப் பற்றி டென்மார்க் ஆய்வாளர்கள் 2013-ல் வெளியிட்ட ஆய்வு வியப்பூட்டுவது. 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கதிரியக்கக் கரிமம் ஏறி, பின்பு படிப்படியாகக் குறைந்தது. அந்தக் கரிமம் உடலின் திசுக்களில் எந்த அளவுக்குப் பதிந்திருக்கிறது என்று பார்த்தால் அந்தத் திசு எந்த வருஷத்தில் உருவானது என்று சொல்லிவிடலாம். அப்படிப் பார்த்தபோது, தசைநாணின் உட்பகுதி பதினேழு வயதுவாக்கில் உருவானதோடு சரி, அதற்கப்பால் அநேகமாகப் புதுப்பிக்கப்படவே இல்லை என்று தெரிந்தது. நாற்பத்தைந்து வயதுக்காரர் பாக்ஸ் ஜம்ப்புக்காகக் காலை உந்தும்போது அந்த உந்தலைத் தாங்குவது பள்ளி நாட்களில் உருவான நார்தான். பயிற்சியால் அது விறைப்பும் உறுதியும் பெறும். ஆனால் அவகாசம் கொடுத்தால்தான்.

ஆபத்தான காலம் எது என்பது இதிலிருந்து விளங்கும். முதல் வாரத்தில் மூச்சே நம்மை நிறுத்திவிடும். ஐந்தாம் ஆறாம் வாரத்தில் மூச்சு நிறுத்துவதில்லை, உற்சாகமும் பிறந்திருக்கும், எடையும் இரண்டு கிலோ குறைந்திருக்கும். 'இன்னும் இரண்டு சுற்று' என்று மனம் கேட்கும், இதயம் கொடுக்கும். தசைநாண் மட்டும் இன்னும் தயாராகவில்லை. பழைய வண்டிக்குப் புது என்ஜின் மாட்டிவிட்டு, பிரேக்கையும் ஆக்சிலையும் பழையபடியே விட்டது போன்ற நிலை இது. சோம்பேறித்தனத்தால் வரும் காயமாக இருந்தால் கண்டிக்கலாம். ஆனால் இது, பல வருஷத்துக்குப் பிறகு தன் உடம்பைப் பற்றி அக்கறை கொண்டு கிளம்பிய மனிதருக்கு, நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது வரும் காயம். ஆறு வாரம் படுத்து எழுந்தவர் மறுபடி ஜிம் பக்கம் வராமலே போய்விடலாம். அந்த இழப்புதான் என்னை இவ்வளவு அழுத்திச் சொல்ல வைக்கிறது.

நம் ஊர் நிலவரம் இதைக் கூடுதலாகச் சிக்கலாக்குகிறது. ஐ.சி.எம்.ஆர். நிதியில் சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் நடத்தி 2023-ல் வெளியான நாடு தழுவிய ஆய்வில், தமிழ்நாட்டில் வயதுவந்தோரில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகத் தெரிந்தது. டாக்டர் 'உடற்பயிற்சி செய்யுங்கள்' என்று சொல்லி ஜிம்முக்கு வருகிறவர்களில் இவர்கள் ஏராளம். நீண்டகாலம் சர்க்கரை கூடுதலாக இருந்தால் தசைநாணின் புரத இழைகள் சர்க்கரையோடு பிணைந்து விறைத்துப்போகின்றன. தோள் இறுகிப்போகும் 'ஃப்ரோசன் ஷோல்டர்' மற்றவர்களைவிட இவர்களுக்கு அதிகம் வருகிறது. பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் தவறாகக் கால் பதிவதும் தெரியாது, கொப்புளம் வந்தாலும் தெரியாது. இப்படிப்பட்டவரை முதல் நாளே தலைக்கு மேல் கெட்டில்பெல்லை வீசச் சொல்வதும், வெறுங்காலோடு மொட்டைமாடித் தளத்தில் குதிக்கச் சொல்வதும் சரியல்ல. உடல் எடையும் கணக்கில் வரும். ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் கால் வாங்கும் விசை உடல் எடையைப் போல் இரண்டு முதல் மூன்று மடங்கு. 85 கிலோ ஆளுக்கு அது 170 கிலோவுக்குக் குறையாது. மூட்டுத் தேய்மானம் உள்ள பருமனானவர்களிடம் நடந்த அமெரிக்க ஆய்வு ஒன்று, ஒரு கிலோ எடை குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்கால் தாங்கும் சுமை நான்கு கிலோ குறைகிறது என்று கண்டது. எடை குறைப்பதற்காகக் குதிக்கிறார்கள். ஆனால் எடை குறைந்த பிறகுதான் குதிப்பது மூட்டுக்குத் தாங்கும்.

மறுபக்கம் வருவோம். லோ-இம்பாக்ட் வலுப் பயிற்சி என்றதும் பலர் மனதில் எழுவது, வயதானவர்கள் நாற்காலியில் அமர்ந்து கையை ஆட்டும் காட்சி. அது தவறான படம். பாதம் தரையை விட்டு எழாமல், தசைக்கு மட்டும் முழு வேலை கொடுப்பதுதான் இதன் இலக்கணம். ஸ்குவாட், டெட்லிஃப்ட், டம்பெல் ரோ, புஷ்-அப், பிளாங்க், கேபிள் மெஷின், ரப்பர் பேண்ட் எல்லாம் இதில் அடங்கும். நம் பஸ்கியையும் தண்டாலையும் நிதானமாகச் செய்தால் அவையும் இந்த வகைதான். நாற்காலியின் நுனியைத் தொடுமளவு மூன்று எண்ணிக்கைக்கு மெதுவாக இறங்கி, தொட்டதும் உட்காராமல் எழுந்து பாருங்கள். பத்துமுறைக்குள் தொடை நடுங்கும். அந்த நடுக்கத்தில் மோதல் ஏதும் இல்லை. மெதுவாக இறங்குவதால், முழங்கால் உள்ளே ஒடுங்கினால் கண்ணுக்குத் தெரிகிறது. அந்த இடத்திலேயே திருத்தலாம். இந்த நிதானமே பாதுகாப்பு. காயத்தைத் தவிர்ப்பது மட்டுமல்ல, வேறு பயிற்சிகளில் வரக்கூடிய காயத்துக்கும் இது தடுப்பாகிறது. 2014-ல் டென்மார்க் ஆய்வாளர்கள் 25 ஆய்வுகளை, 26,610 பேரைத் தொகுத்துப் பார்த்தார்கள். வலுப் பயிற்சி விளையாட்டுக் காயங்களை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே குறைத்தது. பலரும் நம்பியிருக்கும் ஸ்ட்ரெச்சிங் காயத்தைக் குறைத்ததாகத் தெரியவில்லை.

எடைப் பயிற்சியில் ஆபத்தே இல்லையா என்றால், உண்டு. 1990 முதல் 2007 வரை அமெரிக்க அவசர சிகிச்சைப் பிரிவுகளுக்கு எடைப் பயிற்சிக் காயங்களோடு வந்தவர்கள் 9,70,000-க்கும் மேல். ஆனால் அவற்றில் 65 சதவீதத்துக்கு மேற்பட்டவை எடை நழுவி மேலே விழுந்ததால் வந்தவை.  பார்பெல்லுக்குப் பூட்டு மாட்டுவது, தனியாக இருக்கும்போது நெஞ்சுக்கு மேலே கனமான எடை ஏற்றாமலிருப்பது, பயன்படுத்திய தட்டுகளை எடுத்த இடத்தில் வைப்பது என்று ஒழுங்கால் தவிர்க்கக்கூடியவை இவை. களைத்த முழங்காலில் நேரும் ஜவ்வுக் கிழிசலுக்கு இப்படி எளிய பூட்டு கிடையாது.

மெதுவான பயிற்சியால் எலும்பு வலுக்காது, எலும்புக்கு அதிர்ச்சி வேண்டும் என்பது அடுத்த மறுப்பு. எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு ஒன்று இதற்கு விடை சொல்கிறது. ஆஸ்திரேலியாவின் கிரிஃபித் பல்கலைக்கழகத்தில், மாதவிடாய் நின்ற, எலும்பு அடர்த்தி குறைந்த 101 பெண்களை இரு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு வீட்டிலேயே லேசான பயிற்சி செய்தது. இன்னொரு குழு வாரம் இரண்டு நாள், அரை மணி நேரம், பயிற்சியாளர் கண்காணிப்பில் டெட்லிஃப்ட், ஸ்குவாட், தலைக்கு மேல் எடை தூக்குதல் ஆகியவற்றை, தங்களால் தூக்க முடிந்த உச்ச எடையில் 85 சதவீதத்துக்கு மேல் ஏற்றிச் செய்தது. கம்பியைப் பிடித்து எம்பி இறங்கும் பயிற்சியும் உண்டு. எட்டு மாதத்தில் இவர்களின் முதுகெலும்பு அடர்த்தி 2.9 சதவீதம் கூடியது; வீட்டில் லேசாகச் செய்தவர்களுக்கு 1.2 சதவீதம் குறைந்தது. இத்தனைக்கும் நேர்ந்த காயம், ஒருவருக்கு வந்த லேசான முதுகுப் பிடிப்பு ஒன்றுதான். ஆக, லேசான பயிற்சி போதாது என்று மறுப்பவர்கள் சொல்வது சரி. ஆனால் அந்தப் பெண்களுக்கு முதல் ஒரு மாதம் கனமான எடையே கொடுக்கப்படவில்லை. வெறும் உடம்பாலும் லேசான எடையாலும் அசைவுகளைக் கற்றுக்கொடுத்த பிறகே எடை ஏறியது. கடுமை இருந்தது, அவசரம் இல்லை. பாஸ்டனில் 1990-ல் நடந்த இன்னோர் ஆய்வில் சராசரி வயது 90 உள்ள முதியோர் எட்டு வாரம் இதே போல் கனமாகப் பயிற்சி செய்து, கால் வலுவைச் சராசரியாக 174 சதவீதம் கூட்டிக்கொண்டார்கள். அவர்களில் இரண்டு பேர் கைத்தடியை விட்டுவிட்டு நடந்தார்கள்.

இதயத்துக்குத் தீவிரப் பயிற்சிதானே நல்லது, அதை விட்டுவிடச் சொல்கிறாயா என்று கேட்கலாம். விடச் சொல்லவில்லை. நார்வேயில் உல்ரிக் விஸ்லோஃப் 2007-ல் வெளியிட்ட ஆய்வில் பங்கெடுத்தவர்கள் சராசரி 75 வயதான இதயச் செயலிழப்பு நோயாளிகள். நான்கு நிமிடம் கடுமை, சில நிமிடம் நிதானம் என்று நான்கு சுற்று. கடுமையான நிமிடங்களில் இதயத் துடிப்பு அவரவர் உச்சத்தில் 90 முதல் 95 சதவீதம். அவர்கள் செய்தது சரிவாக வைத்த டிரெட்மில்லில் நடை. ஓட்டமும் இல்லை, துள்ளலும் இல்லை. ஆக்சிஜன் திறன் 46 சதவீதம் கூடியது. நிதானமாக நடந்த குழுவுக்கு 14 சதவீதம்தான். பிறகு நார்வேயின் மறுவாழ்வு மையங்களில் 4,846 இதய நோயாளிகள் செய்த 1,75,820 மணி நேரப் பயிற்சியை ஆராய்ந்தபோது, மொத்தமே மூன்று பேருக்குத்தான் பயிற்சியோடு தொடர்புடையதாக இதயத் துடிப்பு நின்றுபோயிருந்தது. மருத்துவக் கண்காணிப்பில் நடந்தவை இவை. நெஞ்சுவலி உள்ளவர் தானாகவே தொடங்குவதற்கு அனுமதிச் சீட்டு ஆகாது. ஆனால் இதயத்தைக் கடுமையாக வேலை வாங்க முழங்காலைப் பலி கொடுக்க வேண்டியதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை. நேரம் மிச்சமாகும் என்ற வாதத்துக்கும் இதுவே பதில். சைக்கிளிலும், சரிவு நடையிலும், படியேற்றத்திலும், நீச்சலிலும் அதே நிமிடங்களில் அதே மூச்சை வாங்கிக்கொள்ளலாம்.

மோதல் இல்லை என்பதாலேயே எதுவும் பாதுகாப்பாகிவிடாது என்பதையும் மறக்கக் கூடாது. 2011 ஜனவரியில் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்து அமெரிக்கன் ஃபுட்பால் அணியினர் விடுமுறை முடிந்து வந்த கையோடு, உச்ச எடையில் பாதியை வைத்து 100 ஸ்குவாட் செய்யப் பணிக்கப்பட்டார்கள். பதின்மூன்று பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். தசைச் செல்கள் சிதைந்து, அவற்றின் புரதம் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்கும் 'ராப்டோமயோலிசிஸ்' என்ற நிலை. அவர்கள் இளைஞர்கள், தேர்ந்த வீரர்கள். யாரும் குதிக்கவும் இல்லை. இதே நிலை முதன்முதலாக ஸ்பின்னிங் சைக்கிள் வகுப்புக்குப் போனவர்களுக்கும் வந்திருக்கிறது. பழகாத தசைக்கு ஒரே நாளில் பழகாத அளவு கொடுத்ததுதான் காரணம். சென்னையின் மே மாதப் புழுக்கத்தில், ஏசி இல்லாத கூடத்தில், வேர்த்து நீர் வற்றிய உடம்புக்கு இந்த ஆபத்து இன்னும் கூடும். கடும் பயிற்சிக்கு அடுத்த ஒன்றிரண்டு நாளில் சிறுநீர் கோலா நிறத்தில் போனால், தசை வீங்கித் தாங்க முடியாமல் வலித்தால், வீட்டு வைத்தியம் பார்க்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இங்கே டிரெய்னரின் பொறுப்பைப் பேசாமல் விட முடியாது. கிராஸ்ஃபிட் காயங்களைப் பற்றி 2014-ல் வந்த ஓர் ஆய்வு, பயிற்சியாளர் அருகில் இருந்து வழிகாட்டும் இடங்களில் காயம் குறைவு என்று கண்டது. ஒரு டிரெய்னர், இருபது பேர், ஒரு டைமர் என்ற ஏற்பாட்டில் நாற்பது முழங்கால்களையும் யார் பார்ப்பது? நல்ல டிரெய்னர் முதல் வகுப்பில் பழைய காயம், சர்க்கரை, இரத்த அழுத்தம் பற்றிக் கேட்பார்; அசைவு குலைந்ததும் எண்ணிக்கையை நிறுத்துவார். 'வலி இருந்தால்தான் பலன்' என்று சொல்லும் இடத்தில் காசு கட்ட வேண்டாம். 'சார், இன்னிக்கு இது போதும்' என்று சொல்லத் தெரிந்தவரிடம் கட்டலாம்.

தொடங்குகிறவருக்கு நான் சொல்லும் வரிசை இது. முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று நாள் நிதானமான வலுப் பயிற்சி: குந்தி எழுவது, இடுப்பை மடக்கி எடை தூக்குவது, தள்ளுவது, இழுப்பது, குதிகாலை உயர்த்தி இறக்குவது. ஒவ்வொன்றையும் இன்னும் இரண்டு முறை செய்ய முடியும் என்ற நிலையில் நிறுத்திவிடலாம். உலக சுகாதார நிறுவனமும் நடை ஓட்டத்தோடு வாரம் இரண்டு நாளாவது தசைக்குப் பயிற்சி வேண்டும் என்றே சொல்கிறது. நடைப்பயிற்சி போகும் நம்மவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது இந்தப் பாதியைத்தான். முதல் சில வாரம் போனதும் வாரம் ஒரு நாள் சைக்கிளிலோ மேட்டிலோ படியிலோ மூச்சு வாங்கும் சுற்றுகளைச் சேர்க்கலாம். தசையில் பரவலாக வரும் வலி இரண்டு மூன்று நாளில் அடங்கும். அதற்குப் பயப்பட வேண்டாம். மூட்டில் ஒரே புள்ளியில் குத்தும் வலி, மறுநாள் காலையில் எழுந்ததும் முந்தைய நாளைவிட அதிகமாக இருந்தால் அளவு கூடிவிட்டது என்று பொருள். முழங்கால் திடீரென்று தாங்காமல் மடங்கினாலோ, முதுகுவலி காலுக்கு இறங்கி மரத்துப்போனாலோ அதற்கு ஜிம்மில் வைத்தியம் இல்லை.

குதிக்கும் பயிற்சி கடைசியில்தான் வர வேண்டும், அதுவும் விருப்பம் இருந்தால். ஒற்றைக் காலில் நின்று குதிகாலை இருபது முறை தடுமாறாமல் உயர்த்தி இறக்க முடிகிறதா, ஒற்றைக் காலால் நாற்காலியிலிருந்து எழும்போது முழங்கால் உள்ளே ஒடுங்காமல் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளலாம். இரண்டும் கைவந்த பிறகு, களைக்காத நேரத்தில், வார்ம்-அப் முடிந்த கையோடு, ஷூ போட்டுக்கொண்டு, ஸ்கிப்பிங் கயிற்றில் இருபது முப்பது சின்னத் துள்ளல்கள் போதும். டைமர் வேண்டாம். இரண்டு மூன்று வாரம் காலில் புகார் இல்லாவிட்டால் எண்ணிக்கையைக் கூட்டலாம். பேட்மிண்டன் ஆடுகிறவருக்கும் மாரத்தான் ஓட நினைக்கிறவருக்கும் இது அவசியம். களத்தில் அவர்கள் எப்படியும் குதிக்கப் போகிறார்கள். சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கவும், படியேறவும், பேரப்பிள்ளையைத் தூக்கவும் மட்டுமே பயிற்சி செய்கிறவர் ஒரு பர்ப்பிகூடச் செய்யாமல் அவ்வளவையும் அடையலாம்.